முப்பத்தேழாவது நிமிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலோரக் கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, பெரியவர். இடது கையும் இடது காலும் அவர் சொல்பேச்சைக் கேட்பதை நிறுத்திப் பதினாறு வருடம் ஆகிறது. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். 'வயர்' என்று கேட்டால்தான் கடைத்தெருவில் வழி காட்டுவார்கள். மறு முனையில், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் தாடையை ஊன்றிக்கொண்டு, அந்த வீட்டு மாப்பிள்ளை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தெருவுக்கு வேன்காரர். நான்காவது ஆள் பெரியவரின் மகள். அவள் உட்காரவில்லை. சுவரில் ப்ளக் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு லிஸ்டக்கா என்று பெயர். உப்பு வாங்கப் போனாலும் தாளில் எழுதிக்கொண்டு போகிறவள்.

மின்விசிறியையும் ஓர் ஆளாகக் கணக்கு வைத்தால் ஐந்து. அது யாரையும் பார்க்காமல் மேசைமேல் இருந்த லேப்டாப்பையே பார்த்து வீசிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, மனுஷன் வெந்து சாகறேன், மெஷினுக்குக் காத்தா?" என்றார் பெரியவர்.

"உங்களுக்கு வேர்த்தா துடைச்சுக்கலாம் பெரியவரே. இதுக்கு வேர்த்தா படுத்துடும்" என்றார் வயர்.

"நான் படுத்துத்தான் பதினாறு வருஷம் ஆச்சு. எனக்கு எவன் காத்து வீசினான்?"

லேப்டாப் வயருடைய சொந்தச் சொத்து. கருங்கல் பலகை மாதிரி கனம். மூலையில் உடைந்த இடத்தில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார். பேட்டரி செத்து வருடக்கணக்காகிவிட்டது. கரண்டு வயர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அதற்கு உயிர். இப்போது வருகிற லேப்டாப்புகளில், மேசையில் பக்கத்தில் வைத்திருந்த இந்த வீட்டுப் பழைய வீடியோ கேமராவின் வயர் நுழைய இடமே கிடையாது. இதில் இடது பக்கம் பொட்டு மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஒரு ஓட்டைக்காகவே இதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் வைத்திருப்பதாக வயர் சொன்னார்.

"ஒரு மணி நேர டேப்புன்னா ஒரு மணி நேரம் ஓடணும் அக்கா. டேப் அது பாட்டுக்கு ஓடும், இது அது பாட்டுக்கு வாங்கிக்கும். அவசரப்படுத்த முடியாது."

"ஓட்டிவிட்டா?" என்றார் வேன்காரர்.

"ஓட்டிவிட்டா ஒண்ணும் ஏறாதுண்ணே."

"அப்ப என் வேன் மாதிரிதான். மிதிச்சாலும் அதே வேகம், மிதிக்காட்டியும் அதே வேகம்."

"இன்னொன்னு. நடுவுல நிறுத்தக்கூடாது. கேமரா மோட்டாருக்கு மூச்சு வாங்குது. மூடியை மூடவே நாலு தடவை ஆச்சு, பார்த்தீங்கல்ல? நிறுத்தினா டேப்பைச் சக்கரத்துல இருந்து கழட்டிடும். மறுபடி மாட்டறப்பக் கடிச்சுத் துப்பினாலும் துப்பும். அதனால ஆரம்பிச்சது முடியற வரைக்கும் யாரும் மேசையை ஆட்டக்கூடாது, ஸ்விட்சைத் தொடக்கூடாது."

கடித்துத் துப்பும் என்பது லிஸ்டக்காவுக்குத் தெரியும். மொத்தம் இருந்த இரண்டு டேப்பில் ஒன்றை அந்தக் கேமரா எட்டு வருடத்துக்கு முன்பே தின்றுவிட்டது. மிச்சம் இந்த ஒன்றுதான்.

இந்த ஒன்றையும் அலமாரியிலிருந்து எடுக்க வைத்தது ஒரு கடிதம். அண்ணி எழுதியிருந்தாள். லிஸ்டக்காவின் அண்ணன் செத்துப்போன மூன்றாம் மாதம், ஒரு வயது தாண்டிய பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன அண்ணி, அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன் பண்ணுவதும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை குழந்தையின் போட்டோ ஒன்று தபாலில் வரும்; பின்பக்கம் வயது மட்டும் எழுதியிருக்கும். இந்த முறை போட்டோ இல்லை. நாலே வரி இருந்தது.

'பாப்பாவுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. அவள் அப்பா குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்கிறாள். டேப் முழுக்கப் பாட்டு ஏற்றிவிட்டீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு சொல்லாவது தப்பியிருந்தால் அனுப்பவும்.'

'ஏற்றிவிட்டீர்கள்' என்கிற சொல்லை லிஸ்டக்கா வேலைக்குப் போகிற வழியெல்லாம் மென்றுகொண்டே போனாள். சலவைப் பிரிவில் காலை முதல் வண்டி வந்ததும் வார்டு வாரியாகப் படுக்கை விரிப்புகளை எண்ண வேண்டும். ரத்தக்கறை ஒரு பக்கம், மருந்துக்கறை ஒரு பக்கம், கிழிசல் ஒரு பக்கம். கறைக்குத் தகுந்த தண்ணீர். ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர், மறந்து வெந்நீரில் போட்டால் கறை துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், பிறகு அந்தத் துணியைத் தரை துடைக்கத்தான் போடலாம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு நாளும் அந்தத் தப்பைச் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தாள். ஒன்பது விரிப்பு. ஆவி அடித்துக்கொண்டிருந்த மெஷின் முன்னால் நின்று, "ஐயோ" என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிஸ்டக்காவே தப்புப் பண்ணிட்டாங்கன்னா, நாங்கள்லாம் இனிமே நிம்மதியாத் தப்புப் பண்ணலாம்" என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

பாட்டு ஏற்றியது லிஸ்டக்காதான். அதில் ஒளிவு மறைவில்லை. குடும்பத்துக்கே தெரிந்த கதை அது. குழந்தை பிறந்தபோது அண்ணன் ஆசைப்பட்டு அந்தக் கேமராவை வாங்கினான். கேமராவைப் பிடிக்கிறவன் படத்தில் இருக்கமாட்டான் என்பதால் அண்ணன் ஒரு இடத்திலும் முகம் காட்டவில்லை; பின்னாலிருந்து பேசிக்கொண்டே எடுத்தான். அதன்மேல் தங்கைக்காரி, அழகு பண்ணுகிறேன் பேர்வழி என்று, டேப் ரிக்கார்டரை இணைத்துப் பழைய பாட்டுகளை ஏற்றினாள். ஐந்து மாதத்தில் லாரி ஒன்று அண்ணனை அடித்துப் போட்டது. குரல் போனது போனதுதான். "கிறுக்கி, பாட்டுப் போட்டு அண்ணன் குரலை அழிச்சிட்டா" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு மறந்தார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டாள். கிறுக்கி என்ற பட்டம் அவளுக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

"ரெடியா?" என்றார் வயர். பொத்தானை அழுத்தினார்.

கேமராவுக்குள் சின்ன எலி ஒன்று ஓடுகிற மாதிரி சத்தம் வந்தது. லேப்டாப்பில் முதலில் நீலம், பிறகு இதே கூடம் தெரிந்தது. இதே சன்னல், இதே கட்டில், சுவருக்கு மட்டும் வேறு வண்ணம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் பெரியவர், மீசை இன்னும் கறுப்பாக. தரையில் ஒரு குழந்தை தவழ்ந்து வந்து கேமராவை முறைத்தது.

எல்லோரும் பாட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு வரவில்லை.

"இங்க பாரு. ஏய் குட்டி, இங்க பாரு. அப்பா எங்க? அப்பா எங்க இருக்கேன் சொல்லு."

நாற்காலி முதுகிலிருந்து வேன்காரரின் தாடை நழுவியது. "டேய்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"இது அவந்தான்" என்றார் பெரியவர். "அவந்தான். அவன் தொண்டை. சத்தத்தைக் கூட்டு, கூட்டு."

வயர் கூட்டினார். "பாட்டுன்னு சொன்னீங்களேக்கா?"

"பாட்டுதான் இருந்தது" என்றாள் லிஸ்டக்கா. "நான்தானே ஏத்தினேன். எழுதி வெச்சு ஏத்தினேன். பதினோரு படி."

"கடைசிப் படியில மெனுவுக்குப் போயி 'ஒலி இரண்டு'ன்னு மாத்தி வெச்சீங்களா?"

"ஆமா. கேமராவோட வந்த புத்தகத்துல படம் போட்டு அப்படித்தான் சொல்லியிருந்தது."

வயர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்ப நீங்க எதையும் அழிக்கவே இல்லக்கா. இந்த டேப்புல சத்தத்துக்கு ரெண்டு தடம். எடுக்கறப்ப வந்தது ஒண்ணுல இருக்கும். நீங்க ஏத்தினது பக்கத்துல இன்னொன்னுல உட்கார்ந்துக்கும். எதைக் கேக்கணும்னு கேமராகிட்டச் சொல்லணும், அவ்வளவுதான். உள்ள இருந்த பொத்தான் பேட்டரி செத்ததுல அது எல்லாத்தையும் மறந்துட்டுப் பழையபடி ஒண்ணுக்கே போயிடுச்சு. பதினஞ்சு வருஷமா உங்க அண்ணன் இதுக்குள்ளதான் பேசிக்கிட்டு இருந்திருக்காரு."

வேன்காரர் எழுந்து மனைவியிடம் வந்தார். கண்ணைத் துடைக்கக் கை போன வழியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கேட்டியா? நீ அழிக்கலையாம். இத்தனை வருஷம் ஊர் வாயில விழுந்து கிடந்தியே, நீ அழிக்கலையாம்!"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. திரையின் கீழ் மூலையில் ஓடிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம், பதினாறு நொடி.

அவள் அழகு பண்ணுவதற்காகப் பாட்டு ஏற்றவில்லை. முப்பத்தேழாவது நிமிடத்துக்காக ஏற்றினாள்.

அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒரு நாள், டேப்பை டீவியில் போட்டு அவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது காதில் விழுந்தது. படத்தில் பெரியவர் சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். குழந்தை அவர் மார்பில் கிடக்கிறது. கேமராவுக்குப் பின்னால் அண்ணன் அண்ணியிடம் மெல்லிய குரலில் பேசுகிறான். தூரத்தில் இருக்கிறவருக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாகப் பேசினான். மைக்கோ அவன் வாய்க்கு நாலு விரல் தள்ளி இருந்தது. அந்தச் சமயத்தில் பெரியவர் தினமும் சாயங்காலம் டேப்பைப் போடச் சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தார். என்றைக்காவது ஒரு நாள் அந்த இடம் அவர் காதில் விழுந்தால்? அந்த ஒரு இடத்தில் மட்டும் பாட்டுப் போட்டால் சந்தேகம் வரும் என்று டேப் முழுக்கப் போட்டாள். திட்டமிட்டுச் செய்கிறவள், தப்பையும் திட்டமிட்டுத்தான் செய்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அண்ணன் செத்த வீட்டில், பெரியவரின் அக்கா, எல்லோரும் பெரிய அத்தை என்று கூப்பிடுகிறவள், நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "கை கால் விழுந்த மாமனாரை முதியோர் ஹோமுல கொண்டுபோய்த் தள்ளணும்னு நின்னா இந்த மகராசி. எங்கிட்ட அவனே சொன்னான், 'வீட்ல அவளுக்கு முடியலைங்கறா அத்தை'ன்னு. அந்தக் கவலையிலதான் லாரி வந்ததுகூடத் தெரியாம போயிட்டான் பிள்ளை." அண்ணி சுவரோரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து லிஸ்டக்காவை ஒரு முறை பார்த்தாள். லிஸ்டக்காவுக்கு உண்மை தெரியும். டேப்பில் இருந்தது அவளுக்கு மனப்பாடம். சொன்னால், குழியில் ஈரம்கூடக் காயாத அண்ணனுக்கு அவப்பெயர். வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அண்ணி போய்விட்டாள். பெரியவரைப் பார்த்துக்கொள்ள, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த லிஸ்டக்காவும் வேன்காரரும் இந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தார்கள்.

பன்னிரண்டு நிமிடம். படத்தில் குழந்தை ஒரு கரண்டியை வாயில் வைத்துக் கடித்தது. "உங்க அம்மா சமையலைவிட அதுவே மேல், கடி" என்றான் அண்ணன். பின்னாலிருந்து அண்ணி ஏதோ சொல்ல, அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். கூடத்தில் மூன்று ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் படுங்களேன். முடிஞ்சதும் எழுப்பறேன்."

"என்னது? என் பிள்ளை பேசறான், நான் படுக்கறதா?"

பதினெட்டு நிமிடம். அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் வைத்தாள். "கை கழுவிட்டுச் சாப்பிடுங்கப்பா. உள்ள வாங்க, நான் பிடிச்சுக்கறேன்."

"இங்கயே கொடு. ஒரு கை இருக்குல்ல."

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை மட்டும் வருவதாக இல்லை. வேர்வை கழுத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. இருபத்தாறு நிமிடம்.

"தம்பி, சத்தத்தைக் குறைச்சா பதிவுலயும் குறையுமா?" என்று வயரின் காதோரம் கேட்டாள்.

"குறையாதுக்கா. அது தனி."

அவள் குறைத்தாள். "யாரு குறைச்சது?" என்றார் பெரியவர். "எனக்குக் கையும் காலும்தான் போச்சு, காது போகல." வேன்காரர் எட்டிக் கூட்டினார், கூட்டிவிட்டு, "உனக்கு என்னடி ஆச்சு? சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல கரண்டு அடிச்ச மாதிரி நிக்கற?" என்றார்.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. மெஷின் ஓடுகிற வேகத்தைவிட ஒரு நொடி முன்னாலும் ஓடாது, பின்னாலும் நிற்காது. அவள் மறுபடி சுவரோரம் போய் நின்றாள். ப்ளக் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்லலாம். லேப்டாப் அணையும், அணைந்தால் கேமராவையும் நிறுத்தத்தான் வேண்டும். டேப் கடிபட்டால் படட்டும். கிடைத்த வரைக்கும் போதுமே, முப்பத்தைந்து நிமிடக் குரல்; ஒரு பெண் பிள்ளைக்கு அப்பாவின் குரல் என்று அது போதாதா? அண்ணனும் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போவான். அப்பாவும் கேட்காமல் போய்ச் சேருவார். அண்ணி ஒருத்திதான் மிச்சம். அவள் பதினைந்து வருடமாகச் சுமக்கிறாள், பழகியிருக்கும்.

பழகியிருக்கும் என்று நினைத்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை ஸ்விட்சுக்குப் போனது.

"கையை எடு" என்றார் பெரியவர்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா..."

"எடும்மா. அது வரட்டும். எனக்குத் தெரியும் என்ன வருதுன்னு."

வயர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் பெரியவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மார்பில் குழந்தை. எண் முப்பத்தேழைத் தொட்டது.

"தூங்கிட்டாரு" என்றது அண்ணனின் குரல், கூடம் முழுக்க. "கேளு, என்னால முடியல. நிஜமா முடியல. ராத்திரி மூணு தடவை திருப்பிப் போடணும், விடிஞ்சா வேலை. அந்த ஹோமுல ஒரு கட்டில் காலியா இருக்காம். விட்டுடலாம்."

"என்ன பேசறீங்க?" அண்ணியின் குரல், இளங்குரல். "மெதுவா. அவரு காதுல விழப்போகுது."

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை போட்டு வெச்சிருக்கேன். உனக்கு முடியலைன்னு சொல்லியிருக்கேன். பெத்த பிள்ளை நான் சொன்னா நல்லா இருக்காது."

"எம் பேரை எதுக்கு இழுக்கறீங்க? நான் எப்ப சொன்னேன்? அவரு எங்கயும் போகவேணாம். பகல்ல நான் பாத்துக்கறேன்ல. ராத்திரியும் வேணா நானே எந்திரிக்கறேன். நீங்க தூங்குங்க."

பிறகு அண்ணன், அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத குரலில், "பாரு, மீசையைப் புடிச்சு இழுக்குது பாரு" என்றான்.

படத்தில் குழந்தை இழுத்தது. பெரியவர் அசையவில்லை.

வேன்காரர் தரையைப் பார்த்தார். அந்தக் குடும்பத்து வாய்களில் அவருடைய வாயும் ஒன்று; "அண்ணியம்மா கொஞ்சம் அழுத்தக்காரி" என்று எத்தனை இடத்தில் சொல்லியிருப்பார்.

"அப்பா, நீங்க தூங்கலையா?" என்றாள் லிஸ்டக்கா.

"மீசையைப் புடிச்சு அந்த இழு இழுத்தா எவன்டி தூங்குவான்?"

வேன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் போய் இருமினார்.

"அன்னிக்கே கேட்டேன். கண்ணைத் தொறந்தா அவன் கூசிப்போவான்னு மூடிக்கிட்டே இருந்தேன்." பெரியவர் நல்ல கையால் முகத்தை வழித்துக்கொண்டார். "பிறகு தினம் டேப்பைப் போடச் சொன்னேன்ல? அந்த இடத்துக்காகத்தான் கேட்டேன். 'நானே எந்திரிக்கறேன்'னு அந்தப் பொண்ணு சொல்லுதே, அதைக் கேக்க. நீ ஒருநாள் வந்து பாட்டைப் போட்டுட்ட. ஏன் போட்டன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியவேணாம்னு விட்டுட்டேன்."

"அத்தை பேசினப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ சொல்லியிருக்கலாமே?"

அவள் ஸ்விட்சுப் பக்கத்திலிருந்து நகர்ந்து கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தாள்.

"செத்தவன் மேல பழி விழக்கூடாதுன்னு பார்த்தோம்" என்றார் பெரியவர். "இருக்கறவ மேல விழுந்தா என்னன்னு இருந்துட்டோம். நீயும் நானும்."

மிச்சம் இருபது நிமிடத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அதிலும் அண்ணன் பேசினான். மழை பெய்வதைச் சன்னல் வழியே எடுத்து, "மழை, மழை, சொல்லு, மழை" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தான். டேப் தானாக முடிந்து, எலி நின்றது. வயர் நீளமாக மூச்சு விட்டார்.

"ஏறிடுச்சு. ஒரு பிரேம்கூட விடல." பென்டிரைவை நுழைத்தார். அது கொஞ்சம் யோசித்து, முடியாது என்றது. "பைல் பெரிசு, இதுல ஒரே துண்டா நிக்காது. நாலா வெட்டணும். இந்த நடு..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெட்டறப்ப அந்த ரெண்டு நிமிஷத்தை விட்டுட்டு வெட்டிடவாக்கா? யாருக்கும் தெரியாது. பாப்பா கேக்கப்போறது. அப்பா குரலை முதமுதலாக் கேக்கறப்ப இது எதுக்கு?"

"அவர் சொல்றதும் சரிதான்" என்றார் வேன்காரர். "பொண்ணு மனசு."

லிஸ்டக்கா நாற்காலியை இழுத்து, அன்றைக்கு முதல் முறையாக உட்கார்ந்தாள். கால் முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தன. காலை நாலரைக்கு எழுந்து அப்பாவைத் திருப்பிப் போட்டவள். ராத்திரி ஒன்றுக்கும் போட்டவள். 'என்னால முடியல' என்று அண்ணன் சொன்னதை, சொல் மாறாமல், இந்தப் பதினைந்து வருடத்தில் சமையலறையிலும் ஆஸ்பத்திரி ஆவியிலும் எத்தனை முறை அவளே முணுமுணுத்திருக்கிறாள். அவள் பக்கத்தில் மைக் இல்லை, அவ்வளவுதான்.

"வெட்டாதீங்க. நான் ஒரு தடவை மறைச்சது போதும்."

"அப்ப பாப்பா?"

"அண்ணி முதல்ல கேக்கட்டும். பொண்ணுகிட்ட எதைக் கொடுக்கணும், எதை வெட்டணும்னு அவங்க சொல்லட்டும். அது அவங்க வாயில வந்த வார்த்தையும்தானே."

துண்டு ஒவ்வொன்றும் பென்டிரைவில் ஏறப் பத்து நிமிடம் போல எடுத்தது. அந்த நேரத்தில் லிஸ்டக்கா பெரிய அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அப்பாவின் வாயருகே பிடித்தாள். பெரியவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சரி, இப்ப எதுக்குடா அதெல்லாம்?" என்றாள் அத்தை. "எனக்கு எண்பத்து மூணு வயசு. நான் என்ன செய்யட்டும்?"

"யாருகிட்டயெல்லாம் சொன்னியோ அவங்ககிட்டயெல்லாம் இதையும் சொல்லு."

"அதுல பாதிப் பேரு செத்தாச்சு."

"மீதிப் பாதிகிட்டச் சொல்லு" என்றார் பெரியவர். அத்தை போனை வைத்துவிட்டாள். அவளுக்குக் கோபமா, புரிந்ததா, இவர்களுக்குத் தெரியவில்லை.

வயர் பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கிளம்பினார். மின்விசிறி பெரியவர் பக்கம் திரும்பியது. லிஸ்டக்கா துடைத்த மேசையில் தாளை வைத்து எழுத உட்கார்ந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடித்தாள். வழக்கம்போல் முதலில் பட்டியல்தான் வந்தது.

'அன்புள்ள அண்ணிக்கு,

இத்துடன் உள்ள பென்டிரைவில் நாலு துண்டு இருக்கிறது. ஒன்று முதல் பதினைந்து நிமிடம். பாப்பா கரண்டியைக் கடிக்கிறாள், அண்ணன் உங்கள் சமையலைக் கேலி செய்கிறார். இரண்டாவதில் பாப்பா சுவரைப் பிடித்து நிற்கிறாள், அண்ணன் கைதட்டுகிறார். மூன்றாவதை நீங்கள் தனியாக, பாப்பா இல்லாதபோது போடுங்கள். அதில் ஏழாவது நிமிடத்தில், மொத்தக் கணக்கில் முப்பத்தேழாவது நிமிடத்தில், அண்ணன் அப்பாவை ஹோமில் விடலாம் என்கிறார். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். நாலாவதில் மழை.

பாட்டை நான் அழகுக்காக ஏற்றவில்லை. அந்த இடத்தை மறைக்கவே ஏற்றினேன். அத்தை உங்களைச் சொன்ன அன்று எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பேசவில்லை. காரணம் என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். எந்தக் காரணமும் நிற்கவில்லை. தப்பு என்னுடையது.

அண்ணனைக் கெட்டவன் என்று நினைக்காதீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அசந்து போயிருந்தார். அந்த அசதி இப்போது எனக்குத் தெரியும்.

அத்தையிடம் அப்பா இன்று சொல்லிவிட்டார். மற்றவர்களிடம் நான் ஒவ்வொருவராகச் சொல்கிறேன். பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன், பதினொரு பேர். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. பதில் போடாவிட்டாலும் சரி.'

"படி" என்றார் பெரியவர். படித்தாள். கண்ணை மூடிக் கேட்டார்.

"எனக்கும் இடம் விட்டிருக்கியா?"

அட்டையைத் தாங்கலாக வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தாள். தாள் நழுவாமல் அவள் பிடித்துக்கொள்ள, அவர் ஒற்றைக் கையால், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'நான் அன்றைக்குத் தூங்கவில்லையம்மா. நீ சொன்னதைக் கேட்டேன். கேட்டும் உன்னைப் போகவிட்டேன்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போடக் கை ஓய்ந்துவிட்டது. 'மாமனார்' என்று மட்டும் மகள் எழுதினாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில், தபால் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றாள். வரிசையில் மூன்றாவது ஆள். உறைக்குள் கடிதம் இருக்கிறதா, பென்டிரைவ் பஞ்சில் சுற்றியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் இருந்த பெண் எடைபோட்டு, "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"லெட்டரும் ஒரு பென்டிரைவும்."

"முக்கியமானதா? ரெஜிஸ்டர் பண்ணணுமா?"

"ரெஜிஸ்டர் பண்ணுங்க. அவங்க கையிலயே கொடுக்கணும்."

"அனுப்பறவங்க பேரு போடலையே."

லிஸ்டக்கா உறையை வாங்கித் திருப்பி, பின்பக்கம் தன் பெயரை முழுசாக எழுதினாள். மடிப்பின் ஓரத்தில் பசையைத் தடவி, உள்ளங்கையால் மூலைக்கு மூலை அழுத்தி, ஒட்டும் வரைக்கும் கையை எடுக்காமல் நின்றாள். பின்னால் ஒருவர் "சீக்கிரம்மா" என்றார். கம்பிக்குக் கீழே தள்ளினாள். அந்தப் பெண் முத்திரையை இரண்டு குத்துக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்கில் போட்டாள்.